திற்பரப்புக்கு ஒரு புள்ளி

இஸ்ரவேல் அண்ணனின் வலது காலை முழங்காலுக்குக் கீழே எடுக்க வேண்டும் என்று டாக்டர் சொன்னபோது, நான் என் இடது காலை ஸ்டூலுக்கு அடியில் இழுத்துக்கொண்டேன்.

அவரும் நானும் திற்பரப்புக்கு மேலே ஒரே தோட்டத்தில் ரப்பர் பால் வெட்டுகிறோம். பதினொரு வருடத்துக்கு முன் அண்ணன் காலில் முள் குத்தியது. அந்த இடத்தில் பாலுண்ணி மாதிரி ஒன்று எழும்பியது. பால் உறைய ஊற்றும் ஆசிட்டைக் கோழி இறகில் தொட்டு வைத்தார். உதிர்ந்தது. பிறகு காலிஃபிளவர் போலக் கூட்டமாக வந்தது. மறுபடி ஆசிட். எங்கள் தோட்டத்தில் தோலில் எது முளைத்தாலும் அதுதான் வைத்தியம்.

“இது பூஞ்சை. மண்ணுல, முள்ளுல இருக்கும். ஆளுக்கு ஆள் ஒட்டாது. ஆரம்பத்துல வந்திருந்தா ஒரு வருஷம் மாத்திரைல தீர்ந்திருக்கும். சுட்டுச் சுட்டுப் புத்துநோய் ஆயிட்டு” என்றார் டாக்டர்.

கணினியில் உலகப் படத்தைத் திறந்தார். இந்த நோய் கண்ட பிரேசில், மடகாஸ்கர், கேரளம் எங்கும் சிவப்புப் புள்ளிகள். எங்கள் பக்கம் ஒன்றும் இல்லை.

“உங்க தோட்டத்துல வேற யாருக்காவது உண்டா?”

அண்ணன் என்னைப் பார்த்தார். என் கணுக்காலில் முளைத்ததற்கும் ஆசிட் வைக்கச் சொன்னவர் அவர்தான்.

“லேய் ரதீஷே, காட்டு.”

“என்னத்தக் காட்ட?”

“எனக்க காலு போச்சு. ஒனக்க காலாவது நிக்கட்டும். காட்டுலேய்.”

“சேத்துப்புண்ணு டாக்டர். இவருக்குக் காலு போற வெப்ராளம், எல்லாவனையும் நொண்டியாக்கப் பாக்காரு.”

டாக்டர் குனிவதற்குள் எழுந்து வாசலுக்கு வந்துவிட்டேன். திங்கட்கிழமை குவைத் விசாவுக்கு மெடிக்கல். மூன்று வருடம் காத்திருந்து வந்த விசா, ஒரு வருடம் மாத்திரை தின்று முடிக்கும்வரை நிற்காது. ஆசிட் சிந்திச் சுட்ட புண் என்றால் மெடிக்கலில் விட்டுவிடுவார்கள். முளைத்து நிற்பதை விடமாட்டார்கள்.

திரும்பிப் பார்த்தேன். டாக்டர் திற்பரப்பில் ஒரு புள்ளி வைத்துக்கொண்டிருந்தார்.

 பஸ்ஸிலிருந்து இறங்கும்போது அண்ணன் என் தோளைப் பிடித்துக்கொண்டு சொன்னார்: “ஆசிட்டு மட்டும் வைக்காத மக்கா.”

சனிக்கிழமை, பாலை உறையவைத்து ரப்பர் ஷீட் அடிக்கும் கொட்டகையில் ஆள் இல்லாத நேரம் பார்த்துப் போனேன். கோழி இறகு அண்ணன் செருகிவைத்த இடத்திலேயே இருந்தது.