தகட்டின் சூடு

பிளாஸ்டிக் இளகுவதை அவள் கண்ணால் பார்ப்பதில்லை. மெல்லிய படலத்தைச் சூடேற்றி, டிகிரிக்கு ஒருமுறை அகச்சிவப்பு ஒளியைப் பாய்ச்சி, நிறமாலை எடுப்பாள். அவற்றை வெப்பநிலைவாரியாக அடுக்கினால் ஒரு கோடு கிடைக்கும். அது எங்கே முழங்கை போல் மடங்குகிறதோ, அங்கே பொருள் விறைப்பை இழக்கிறது.

போன வாரம் 'எழுபத்தெட்டு' என்று கையெழுத்திட்டு அனுப்பியிருந்தாள். அந்தப் பிளாஸ்டிக்கில் செய்தவை, குறைமாதக் குழந்தைகளின் மூச்சுக்குழாயில் மாட்டும் இணைப்புகள். ஆஸ்பத்திரியில் எழுபது டிகிரி வெந்நீரில் கழுவுவார்கள். எட்டு டிகிரி மிச்சம் இருந்தது.

இன்று காலை கருவியைத் துடைக்க வந்தார் மெக்கானிக். எதையும் ஊதிவிட்டுத்தான் தொடுவார் என்பதால் ஊதல் அண்ணன். குனிந்தவர் நிமிரவில்லை.

"ஏம்மா, சூடு பாக்குற ஒயரு சூடேத்துற தகட்டுலதானே இருக்கு? பிளாஸ்டிக்கு கண்ணாடிக்கு மேல இருக்கு."

"அதனால என்னண்ணே?"

"அடுப்பத் தொட்டுப் பாத்துட்டு, குளிக்கத் தண்ணி சுட்டுடுச்சுன்னு சொன்ன கதைதான்."

சிரித்தாள். சிரிப்பு பாதியில் நின்றது. போன வாரம் அந்தச் சோதனைக்கு முன்னால்தான் தடித்த கண்ணாடிக்கு மாற்றியிருந்தாள். மாற்றினால், அறுபத்தொன்பதில் உருகும் வெள்ளைப் பொடியை வைத்துச் சரிபார்க்க வேண்டும். அவசரத்தில் விட்டுவிட்டாள்.

பொடியை எடுக்கக் கை வரவில்லை. கணினியில் உட்கார்ந்து கோட்டின் நெளிவுகளைச் சமன்செய்தாள், அடித்தளத்தை மாற்றினாள், வேறு அலைநீளத்தைப் பிடித்தாள்.

"பாருங்கண்ணே, எப்படிப் பாத்தாலும் எழுபத்தெட்டுதான்!"

"கோடு பொய் சொல்லலம்மா. அதுக்குக் கீழ போட்ட நம்பர்தான் பொய்."

பொடியை வைத்தாள். திரையில் அறுபத்தொன்பது. உருகவில்லை. எழுபத்தைந்து. 'உருகித் தொலையேன்' என்று பல்லைக் கடித்தாள். எண்பத்துமூன்றில் பொடி உருகித் தெளிந்த துளியானது.

பதினான்கு டிகிரி வித்தியாசம். அப்படியானால் இளகுவது அறுபத்துநான்கில்.

ஆஸ்பத்திரிக்குப் போன் அடித்தாள். நர்ஸ் எடுத்தார்.

"இப்பத்தாம்மா கழுவி எடுத்தோம். பளபளன்னு இருக்கு. ஒண்ண ஒரு குழந்தைக்கு மாட்டியாச்சு."

"கழட்டுங்கக்கா! உள்ள சுருங்கியிருக்கும்!"

"எழுபத்தெட்டு வரைக்கும் தாங்கும்னு சீட்டு இருக்கே? யாரோ கையெழுத்துகூடப் போட்டிருக்காங்க."

"நான்தான் போட்டேன். தப்பு என்னுது. கூடையில ஒண்ண எடுத்து ஊதிப் பாருங்க, உங்களக் கெஞ்சிக் கேக்குறேன்."

மறுமுனையில் ஒரு மூச்சு. இன்னொரு மூச்சு, பலமாக.

"காத்தே போகலையே…"

ரிசீவர் மேஜையில் விழுந்த சத்தம். ஓடும் செருப்புச் சத்தம். அவள் போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள். அண்ணன் அருகில் வந்து நின்றார். மறுமுனைக்கு யாரும் திரும்பவில்லை.