டிரைவரின் கடைசிப் பரீட்சை

வார்டருக்குச் சிறைக்குள் வைத்த பெயர் புலம்பல். கைதிகள் வைத்தார்களா, கூட வேலை பார்ப்பவர்கள் வைத்தார்களா என்று தெரியாது, ஆனால் பெயர் ஒட்டிக்கொண்டது. காலையில் பூட்டைத் திறக்கும்போது ஆரம்பித்தால் சாயங்காலம் பூட்டும்வரை மனிதர் வாய் ஓயாது. சாவி துருப்பிடித்துவிட்டது, பூட்ஸ் காலைக் கடிக்கிறது, மின்விசிறி சுற்றுவதாக நடிக்கிறது. ஆனால் கடந்த மூன்று வருடமாக எதில் ஆரம்பித்தாலும் கடைசியில் ஒரே இடத்தில்தான் வந்து நிற்பார். பழைய தையல் கூடத்தைக் காலி செய்து ஒரு வகுப்பறை வைத்தார்களே, அந்த இடத்தில்.

கைதிகளுக்கு அரசாங்கம் பட்டப்படிப்பு சொல்லிக்கொடுக்கிறது. புத்தகம் இலவசம், பேனா இலவசம், பரீட்சைக் கட்டணம் இலவசம். போதாக்குறைக்கு வாரம் தவறாமல் கல்லூரியிலிருந்து ஒருவர் வந்து பாடம் வேறு எடுத்துவிட்டுப் போகிறார். வாசலில் ஸ்டூலைப் போட்டுக்கொண்டு காவல் இருப்பது புலம்பலின் வேலை. உள்ளே வணிகவியல் நடக்கும். வெளியே இவருக்கு வயிறு எரியும்.

எரியாமல் என்ன செய்யும்? அவருடைய மகளுக்கும் இதே வணிகவியலில்தான் இடம் கிடைத்தது. ஒரு வருடம் படித்தாள். அடுத்த வருடம் அவர் மனைவிக்கு ஆபரேஷன் வந்து, சேர்த்து வைத்ததெல்லாம் ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டது. உதவித்தொகை கேட்டால், அப்பா அரசாங்கச் சம்பளக்காரர், தகுதி இல்லை என்று கையை விரித்துவிட்டார்கள். மகள் இப்போது ஒரு துணிக்கடையில் பில் போடுகிறாள். நின்று நின்று வீங்கிய காலோடு அவள் வீட்டுக்குள் நுழையும்போதெல்லாம் அவருக்கு அந்த வகுப்பறையைக் கொளுத்திவிடலாமா என்று வரும்.

யாரையாவது அடித்துவிட்டு உள்ளே போயிருந்தால் நானும் டிகிரி முடித்திருப்பேன் என்று ஒருநாள் அவள் சொன்னாள். அம்மா சிரித்தாள். அவருக்குச் சிரிப்பு வரவில்லை. ஆனால் மறுநாளே அதைச் சூப்பிரண்டிடம் தன் சொந்தச் சரக்கு மாதிரி எடுத்துவிட்டார். சூப்பிரண்டு விழுந்து விழுந்து சிரித்தார்.

வகுப்பில் இருந்தவர்களிலேயே அவருக்கு அதிகம் எரிச்சல் மூட்டியவன் டிரைவர். லாரி ஓட்டிக்கொண்டிருந்தவன். குடித்துவிட்டு ஓட்டி, சைக்கிளில் போன ஒரு மனிதரைக் கொன்றுவிட்டு உள்ளே வந்தான். வந்த புதிதில் யாரிடமும் பேசமாட்டான், சுவரைப் பார்த்துக்கொண்டு படுத்திருப்பான். வகுப்பு ஆரம்பித்த பிறகுதான் வாய் திறந்தான், அதுவும் கேள்வி கேட்க. கல்லூரிக்காரர் புறப்பட்டுப் போன பிறகும் அவனுக்குக் கேள்வி தீராது. ஸ்டூலில் இருக்கிறவரைப் பிடித்துக்கொள்வான். வண்டி ஓடாமல் சும்மா நின்றாலும் அதற்குத் தேய்மானம் போட வேண்டுமா, ஏன் போட வேண்டும் என்பான். எனக்கென்னடா தெரியும் என்று அவர் எரிந்து விழுவார்.

எரிந்து விழுந்துவிட்டு, வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது ஏதோ பேச்சுவாக்கில் என்பதுபோல மகளிடம் அதையே கேட்பார். அவள் தட்டை நகர்த்தி வைத்துவிட்டு, விரலால் மேஜையில் கோடு போட்டு விளக்குவாள். யாருக்கு என்று கேட்டால் ஆபீஸில் ஒருத்தருக்கு என்பார். அவள் நம்பவில்லை என்று அவருக்கும் தெரியும். மறுநாள் ஸ்டூலில் உட்கார்ந்து, மேஜை இல்லாத குறைக்குத் தன் தொடையிலேயே கோடு போட்டு டிரைவருக்குச் சொல்லுவார். இப்படித்தான் ஒன்றரை வருடம் ஓடியது.

கடைசிப் பரீட்சைக்குக் கொஞ்ச நாள் இருக்கும்போது டிரைவருக்கு நல்ல செய்தி வந்தது. ஒழுங்காக நடந்துகொண்டான், படித்தான், ஒரு புகாரும் இல்லை. அதனால் தண்டனையைக் குறைத்து முன்கூட்டியே விடுதலை. பிளாக்கே அவனைத் தூக்கிவைத்துக் கொண்டாடியது. அவன் மட்டும் பேயறைந்தவன் மாதிரி நின்றான். விடுதலைத் தேதி பரீட்சைக்கு இரண்டு வாரம் முன்னால் விழுந்திருந்தது.

இலவசப் படிப்பு உள்ளே இருப்பவர்களுக்கு மட்டும்தான். பரீட்சை மையமும் சிறைக்குள்தான். வெளியே போய்விட்டால் மறுபடியும் புதிதாகப் பதிவு செய்து, கடைசி வருடத்தை முதலிலிருந்து காசு கட்டிப் படிக்க வேண்டும். அவனிடம் ஏது காசு? இனிமேல் ஸ்டீயரிங்கைத் தொடமாட்டேன் என்று மனைவியிடம் சத்தியம் செய்திருந்தான், லைசென்ஸும் போய்விட்டது. ஒரு குடோனில் கணக்கு எழுதும் வேலைக்கு அவனுடைய அக்கா வீட்டுக்காரர் சொல்லி வைத்திருந்தார். முதலாளி கேட்டது டிகிரி ஒன்றைத்தான். ஜெயிலுக்குப் போனவனுக்கு வேலை கொடுக்க ஒரு முதலாளி கிடைப்பதே பெரிது, அந்த ஆள் இன்னொரு வருடம் காத்துக்கொண்டிருக்கப் போவதில்லை.

பரீட்சை முடியும்வரை என்னை வெளியே விடாதீர்கள் என்று டிரைவர் சூப்பிரண்டிடம் போய் நின்றான். சர்வீஸில் இப்படி ஒரு மனுவை நான் பார்த்ததே இல்லை என்றார் சூப்பிரண்டு. தேதிக்கு மேல் ஒருநாள் வைத்திருந்தால்கூட என் தலைதான் உருளும், போய்ச் சேர் என்று அனுப்பிவிட்டார்.

அன்று சாயங்காலம் எண்ணிக்கை. எல்லோரும் இரண்டிரண்டு பேராக வரிசையில் குந்தி உட்கார வேண்டும், வார்டர் எண்ணிக்கொண்டே போவார். கணக்கு சரியாகும்வரை ஒருவரும் அசையக்கூடாது, சாப்பாடும் கிடையாது. டிரைவர் உட்காரவில்லை. நட்ட மரமாக நின்றான். எண்ணிக்கைக்கு உட்காராதது சிறைக்குள் ஒரு குற்றம். ரிப்போர்ட் எழுதினால் குறைத்த தண்டனை மறுபடியும் ஒரு மாதம் நீளும். ஆனால் வார்டர் எழுதினால்தான்.

புலம்பலுக்குப் புரியாமலா இருக்கும்? தோளைப் பிடித்து அழுத்தி உட்காரவைத்தார், எண்ணினார், எழுதாமல் போனார். மறுநாளும் நின்றான். பசியில் இருந்த மற்றவர்கள் அவன் வம்சத்தையே இழுத்துத் திட்டினார்கள். அவர் அவனைச் சுவரோரமாகத் தள்ளிக்கொண்டு போனார்.

"எழுதுங்க சார். ஒரே ஒரு ரிப்போர்ட். எனக்கு ஒரு மாசம் போதும்."

"உனக்குச் சாப்பாடு போட்டு, காவல் போட்டு, இன்னும் ஒரு மாசம் வச்சிக்கணுமா? அதுவும் என் வரிப்பணத்துல. நீ கட்ட முடியலைங்கிற ஃபீஸைவிட அது அதிகம்டா."

அப்படியானால் அந்த ஃபீஸை நீங்களே கட்டிவிடலாமே என்று அவன் திருப்பிக் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. அதுதான் அவருக்கு இன்னும் கடுப்பாக இருந்தது.

வீட்டில் போய்க் கொட்டித் தீர்த்தார். உள்ளே இருக்கிறவன் வெளியே போகமாட்டேன் என்கிறான், இதற்கு நான் உடந்தையாக வேண்டுமாம், நாடு எங்கே போகிறது என்று கத்தினார். மகள் சோபாவில் காலை நீட்டி எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தாள். விட்டுவிடுங்கள் அப்பா, வெளியே எப்படி இருக்கிறது என்று அவரும் வந்து பார்க்கட்டும் என்றாள். நியாயமான பேச்சு. மூன்று வருடமாக அவர் சொல்லிவந்ததும் அதேதான். மகள் வாயால் கேட்டபோது ஏனோ அது நன்றாக இல்லை.

கொஞ்ச நேரம் கழித்து அவளே கேட்டாள். "அந்தத் தேய்மானக் கணக்கு அவருக்குப் புரிஞ்சுதாப்பா?"

புரிந்தது என்றார். மறுநாள் டிரைவர் எழுந்து நின்றதும் ரிப்போர்ட்டை எழுதிக் கொடுத்துவிட்டார். திருட்டுத்தனம் செய்தவர் மாதிரி அன்று முழுவதும் வாயே திறக்கவில்லை. உடம்புக்கு என்ன என்று இரண்டு பேர் விசாரித்தார்கள்.

அடுத்த வகுப்பு நாள். ஸ்டூலில் உட்கார்ந்து பெயர் பார்த்து உள்ளே விட்டுக்கொண்டிருந்தவர் டிரைவர் முறை வந்ததும் விழித்தார். அவன் பெயரை அடித்திருந்தார்கள். ரிப்போர்ட் வாங்கியவனுக்கு மூன்று மாதம் சலுகைகள் கிடையாது. கேன்டீன் கிடையாது, போன் கிடையாது, பார்க்க வருகிறவர்கள் கிடையாது. இது அவருக்கு மனப்பாடம், எத்தனையோ பேருக்குக் கேன்டீனை நிறுத்தியவர் அவர். வகுப்பும் பரீட்சையும் அதே சலுகைப் பட்டியலில் இருப்பது மட்டும் அவர் மண்டையில் ஏறவே இல்லை. எப்படி ஏறும்? வகுப்பில் இருந்தவர்கள் எல்லோரும் வாலைச் சுருட்டிக்கொண்டு இருந்தவர்கள். அவர்களில் ஒருவர்மீதும் இதுவரை ரிப்போர்ட் போனதில்லை.

சூப்பிரண்டின் அறைக்கு ஓடினார்.

"படிப்பு ஒரு சலுகைய்யா," என்றார் சூப்பிரண்டு. "ஒழுங்கா இருக்கிறவனுக்குத்தான்."

"ஒழுங்கா இருந்தா வெளிய அனுப்பிடறீங்களே சார்."

"ஆமா. அதுக்குத்தானே ஜெயில் நடத்தறோம்."

புலம்பலுக்குத் தலையைச் சுவரில் முட்டிக்கொள்ளலாம் போலிருந்தது. அந்த மனிதர்மேல் கோபப்படவும் முடியவில்லை, அவர் சொன்னதில் ஒரு வார்த்தை தப்பில்லை. நல்லவனாக இருந்தால் பரீட்சைக்கு முன்னால் வெளியே போக வேண்டும். கெட்டவனாக இருந்தால் உள்ளேயே இருக்கலாம், ஆனால் எழுதக்கூடாது. எவன் உட்கார்ந்து யோசித்தான் இதை என்று மனசுக்குள் பல்லைக் கடித்தார்.

கடைசியில், நான் எழுதியது பொய் ரிப்போர்ட், அவன் உட்கார்ந்துதான் இருந்தான் என்று சொல்லி அதைத் திரும்ப வாங்கிக்கொண்டார். அதற்காக அவருக்கு மெமோ கொடுத்து, ஒரு வருட இன்கிரிமென்டை நிறுத்தினார்கள். வகுப்புப் பட்டியலில் டிரைவர் பெயர் மறுபடியும் ஏறியது. அதோடு குறைத்த தண்டனையும் பழையபடி குறைந்துவிட்டது. ரிப்போர்ட் இல்லை என்றால் குற்றமும் இல்லையே. முன்பு சொன்ன அதே தேதியில் அவனை விடுதலை செய்தார்கள். போகும்போது, உள்ளே வந்தபோது கழற்றிக் கொடுத்த பேன்ட்டை இடுப்பில் பிடித்துக்கொண்டு நடந்தான். அவரிடம் சொல்லிக்கொள்ளக்கூட இல்லை. ஆளைக் காணவில்லையே என்று அவர் தேடிக்கொண்டு போவதற்குள் கேட்டைத் தாண்டிவிட்டான்.

பரீட்சை நாள் காலையில் கேட்டிலிருந்து ஆள் வந்து அவரைக் கூப்பிட்டான். உங்கள் டிரைவர் வந்திருக்கிறான், போகமாட்டேன் என்கிறான் என்றான். போய்ப் பார்த்தார். சட்டையை இஸ்திரி போட்டுப் பேன்ட்டுக்குள் விட்டிருந்தான், கையில் ஹால் டிக்கெட், பையில் இரண்டு பேனா.

"உள்ள விடுங்க சார். எழுதி முடிச்சதும் போயிடறேன். வேணும்னா பூட்டி வச்சுக்கங்க."

இத்தனை வருட சர்வீஸில் வெளியே விடச் சொல்லி அழுதவர்களைப் பார்த்திருக்கிறார், காலில் விழுந்தவர்களைப் பார்த்திருக்கிறார், காசை நீட்டியவர்களையும் பார்த்திருக்கிறார். உள்ளே விடச் சொல்லிக் கெஞ்சுகிறவனை இன்றுதான் பார்த்தார். விடுதலையானவன் ஆறு மாதத்துக்குச் சிறை வாசலை மிதிக்கக்கூடாது என்பது விதி. தெரிந்தும் சூப்பிரண்டுக்குப் போன் போட்டார். முடியாது என்றார் சூப்பிரண்டு. மறுபடியும் போட்டார். இனிமேல் போன் செய்தால் இன்னொரு மெமோ வரும் என்று பதில் வந்தது. கம்பிக்கு அந்தப் பக்கம் நிற்பவனிடம் அவர் தலையை மட்டும் ஆட்டினார். அவன் நகரவில்லை.

வகுப்பறையில் கல்லூரிக்காரர் கேள்வித்தாளைக் கொடுத்து முடித்திருந்தார். ஒரு நாற்காலி காலியாக இருந்தது. கையிலிருந்த தாளைப் பார்த்து டிரைவரின் எண்ணை ஒருமுறை கூப்பிட்டார், பதில் வராததால் பேனாவை எடுத்தார்.

"ஆப்சென்ட் போடாதீங்க சார்," என்றார் புலம்பல். "வந்திருக்கான். கேட்டுல நிக்கிறான். நாங்கதான் உள்ள விடல."

கல்லூரிக்காரர் நல்ல மனிதர். பேனாவைப் பிடித்தபடியே அந்தத் தாளை மேலும் கீழும் பார்த்தார்.

"வந்தார், வரல, ரெண்டுதாங்க இதுல போட முடியும்," என்றார். "விடலைன்னு போட இடம் இல்ல."

எழுதினார். கைக்கடிகாரத்தைப் பார்த்தார். நேரமாகிவிட்டது, கதவைச் சாத்திவிடுங்கள் என்றார். கதவைச் சாத்துவது வார்டரின் வேலை. புலம்பல் கதவைப் பார்த்தார், எழுதக் குனிந்திருந்த தலைகளைப் பார்த்தார்.

"நீங்களே சாத்திக்கங்க சார்," என்றார். "எனக்குக் கை வரல."