இரண்டு கெண்டை

வலையிலிருந்து மீனைக் கழற்றும்போது மடுக்காரி பார்ப்பதே இல்லை, விரல் பார்த்துக்கொள்ளும். ஆற்று வளைவின் ஆழமான மடுவில் பதினாறு வருடமாக வலை போட்டு வாங்கிய பெயர் அது. புருஷன் துடுப்புப் போட்டான். அவள் கெண்டைகளை இரண்டு கூடைகளில் பிரித்துப் போட்டுக்கொண்டே வந்தாள்.

கரையில் ஆராய்ச்சிக்காரி காத்திருந்தாள். கண்ணாடிப் புட்டி, அளவுகோல், நோட்டு சகிதம் ஒரு வாரமாக வருகிற பெண்.

“ஒரே கெண்டைதானே, எதுக்குக்கா ரெண்டு கூடை?”

“ஒண்ணுன்னு யார் சொன்னது?”

“புத்தகத்துல அப்படித்தான் இருக்கு.”

“எழுதினவரு மீன் அரிஞ்சிருக்க மாட்டாரு.”

மடுக்காரி உள்ளங்கையில் இரண்டு மீன்களை ஏந்தினாள். “இதுக்கு நாலு மீசை, இதுக்கு ரெண்டு. விலாவுல ஓடுற கோட்டைப் பாருங்க. இது வால் வரைக்கும் போகுது, இது பாதியிலயே நின்னுடுது. இன்னும் சந்தேகம்னா தொண்டையைத் திறங்க. கெண்டைக்குப் பல்லு அங்கதான். ஒண்ணுக்கு மூணு வரிசை, பாதிக்கோட்டுக்காரனுக்கு ரெண்டு. என் விரலைக் குத்திக் குத்தியே சொல்லிக்கொடுத்தது. இவன் இந்த மடுவை விட்டு வேற எங்கயும் வலையில விழுந்ததில்ல.”

ஆராய்ச்சிக்காரி இடுக்கியால் ஒரு தொண்டையைத் திறந்தாள். பிறகு இன்னொன்று. ஐந்தாவது மீனையும் திறந்து பார்த்துவிட்டு நோட்டில் குறித்துக்கொண்டாள்.

“நீங்க சொன்னதுதான் சரிக்கா. இது தனி இனம். வேற வகையிலயே சேர்க்கணும்போல.”

“அதைத்தானே நானும் சொன்னேன்,” என்றாள் மடுக்காரி. அன்று சந்தைக்கு நடந்தவளுக்குத் தலைச்சுமை தெரியவே இல்லை.

எட்டு மாதம் கழித்து ஜீப் வந்தது. மீன்துறை ஆய்வாளர் காகிதத்தைப் படித்தார். உலகத்திலேயே இந்த மடுவில் மட்டும் இருக்கிற மீன். இனி இங்கே வலை போடக்கூடாது.

“ஆத்துல மேலயும் கீழயும் அடுத்தவங்க குத்தகை சார். நாங்க எங்க போறது?”

“எனக்கு வந்த உத்தரவு இவ்வளவுதாம்மா.”

“அந்த மீனை அடையாளம் காட்டினதே நான்தான்.”

அவர் காகிதத்தை மறுபடியும் மேலிருந்து கீழ்வரை பார்த்தார். “அப்படி ஒண்ணும் இதுல எழுதலையே.”

ஆய்வாளரின் ஆட்கள் படகைக் கரையேற்றிச் சங்கிலி போட்டார்கள். புருஷன் அதன்மேல் உட்கார்ந்தான். “வாயை மூடிக்கிட்டு இருந்திருக்கலாம்ல?”

“ரெண்டையும் ஒண்ணுன்னு எப்படிய்யா சொல்றது?”

அவன் குனிந்து சங்கிலியை ஒருமுறை இழுத்துப் பார்த்தான்.

மறுவாரம் ஆராய்ச்சிக்காரி இன்னும் மூன்று பேரோடு வந்தாள். மடுக்காரியின் முகத்தைப் பார்க்கத் தயங்கினாள். அவர்கள் கொண்டுவந்த ரப்பர் படகு சேற்றில் சிக்கிக்கொண்டது.

“அக்கா, கொஞ்சம் தள்ளிவிடறீங்களா?”

மடுக்காரி சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு இறங்கித் தோள்கொடுத்தாள். “வலது பக்கம் பாறை கிடக்கு, ஒதுங்கியே போங்க.”

படகு வழுக்கிக்கொண்டு போனது. மடுவின் நடுவில் நிறுத்தி, நான்கு பேரும் புது வலையைப் பிரித்து இறக்கினார்கள். இடுப்பளவு தண்ணீரில் வெறுங்கையோடு நின்று அவள் பார்த்துக்கொண்டிருந்தாள்.