நிழலில் வைத்த ஐந்து செடிகள்

என் கணவர் றெக்ஸ் ஜேர்மனியின் ஹம் நகரில் ஒரு கம்பித் தொழிற்சாலையில் இருபத்தாறு வருடம் உலைக்கு முன்னால் நின்றவர். வெக்கை என்றாலே அவருக்கு ஆகாது. "செத்தாலும் என்னை வெயிலுக்குள்ள வைச்சிடாதையும், மக்டலீன்" என்று சிரித்துக்கொண்டு சொல்லுவார். அதனால்தான் போன ஜனவரியில் அவர் இறந்தபோது, கல்லறைகள் நிறைந்த சேமக்காலையின் வடக்கு மூலையில், பெரிய லிண்டன் மரத்துக்குக் கீழே இடம் கேட்டு வாங்கினேன்.

டுசல்டோர்ஃபிலிருந்து வந்த அவருடைய அக்கா லூர்தம்மா, மண் போட்ட கையோடு சொன்னார்: "ஒரு பூவும் முளைக்காத இருட்டுக்குள்ள என்ர தம்பியை வைச்சிட்டீர்."

முகத்தில் அறைந்தது போல இருந்தது. ஆண்டு நினைவுநாளன்று இந்த மண்ணில் பூ நிற்கும், நீங்களே பார்ப்பீர்கள் என்று மனதுக்குள் சவால் விட்டேன். வாயால் சொல்லியிருந்தால் அங்கேயே சண்டை வந்திருக்கும்.

சவால் விடுவது சுலபம். செவ்வந்தி வைத்தேன், மெலிந்து செத்தது. ரோசா வைத்தேன், வெறும் இலையோடு நின்றது. கடைசியில் சேமக்காலைத் தோட்டக்காரி யூலியாவைப் பிடித்தேன். எங்கள் தமிழ்ப் பிள்ளைதான், இங்கே பிறந்து, தோட்ட வேலைக்கு அவுஸ்பில்டுங் என்ற தொழிற்பயிற்சி முடித்தவள். இலையுதிர் காலத்தில் அவள் ஐந்து செடி கொண்டுவந்தாள். கிறிஸ்ட்ரோஸ என்று பெயர். நிழலில்தான் செழிக்குமாம். ஒருமுறை வேர் பிடித்தால் வருடாவருடம் தானே பூக்குமாம், அதுவும் பனிக்குள். நான் நம்பவில்லை. ஆனால் டிசம்பரில் மொட்டு வந்தது. ஜனவரியில் வெள்ளை வெள்ளையாகப் பூத்தபோது, கல்லறைக்கு முன்னால் நின்று அவரிடமே "பாத்தீங்களோ?" என்று கேட்டேன்.

நினைவுநாளுக்கு முதல் நாள் மைனஸ் பதினொன்று. காலையில் போய்ப் பார்த்தால் ஐந்து செடியும் தரையோடு தரையாகப் படுத்திருந்தன. தண்டெல்லாம் துவண்டு, இதழெல்லாம் கண்ணாடி போல. எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. ஊரில் வாடின செடியைக் கண்டால் நாங்கள் யோசிப்பதே இல்லை, தண்ணீர்தான். இங்கே குளிர்காலத்துக்குக் குழாயைப் பூட்டியிருந்தார்கள். பஸ் பிடித்து வீட்டுக்குப் போய், காய்ச்சல்காரருக்குக் கொண்டுபோவதுபோல ஃபிளாஸ்கில் சுடுதண்ணீர் கொண்டுவந்து, முதல் செடியின் தலையில் ஊற்றினேன்.

"அன்ரி, ஊத்தாதேங்கோ." பாதையில் பனி தள்ளிக்கொண்டிருந்த யூலியா ஓடி வந்தாள்.

"வாடிப்போச்சு, பிள்ளை."

"வாடேல்லை. தண்டுக்குள்ள தண்ணி உறைஞ்சா வெடிச்சிடும். அதாலை தண்ணியை வெளியில விட்டுப்போட்டுத் தானாப் படுக்குது. குளிர் விட்டதும் எழும்பும்."

"செத்தது எழும்புமோ?"

"சாகேல்லை அன்ரி. தொடாம விடுங்கோ, அதுவே போதும்."

படித்த பிள்ளை சொல்கிறாள் என்று ஃபிளாஸ்கை மூடினேன். மனம் மட்டும் ஆறவில்லை.

மறுநாள் குளிர் விட்டிருந்தது. பதினொரு மணிக்கு ஃபாதரும் சொந்தக்காரரும் வந்தார்கள். லூர்தம்மா மச்சாள் குனிந்து பார்த்து, "பட்டுப்போச்சு" என்றார். ஏளனமாகச் சொல்லவில்லை. அதுதான் இன்னும் சுட்டது.

செபமாலை தொடங்கியது. இலை கொட்டின மரத்துக்குள்ளால் வெயில் நேரே கல்லறையில் விழுந்தது. கோடையில் ஒரு சொட்டு வெயிலும் விடாத அதே மரம். செபமாலையின் முதல் பத்து மணிகளை உருட்டி முடியக் கண்ணைத் திறந்தேன். ஒரு தண்டு தரையை விட்டிருந்தது. என் கண்தான் பிசகுகிறது என்று நினைத்தேன். இரண்டாவது பத்தில் மூன்று. அசைவது தெரியவில்லை, பார்க்கும்போது சும்மா நிற்கிறது, கண்ணை மூடித் திறந்தால் உயர்ந்திருக்கிறது. உடம்பெல்லாம் புல்லரித்தது. வாய் செபத்தைச் சொல்லிக்கொண்டிருந்தது, எண்ணிக்கை எங்கேயோ போய்விட்டது. கோயிலில் எத்தனையோ தரம் முழந்தாளிட்டவள் நான். இப்படிப் பயந்து, இப்படிச் சந்தோசப்பட்டு ஒருநாளும் நின்றதில்லை.

ஃபாதர் வழக்கம்போலப் பிரசங்கத்தை நீட்டினார். முதல்முறையாக அதற்கு நன்றி சொன்னேன். அவர் முடிக்கும்போது நாலு செடி நிமிர்ந்து, பூவும் இலையுமாக நின்றன. நான் சுடுதண்ணீர் ஊற்றியது மட்டும் கறுத்துக் கிடந்தது.

மச்சாள் பனிக்குள் முழந்தாளிட்டார். பூவைத் தொடாமல் கையை அதன் அருகில் வைத்துக்கொண்டு நெடுநேரம் பார்த்தார்.

"தம்பி நல்ல இடத்திலதான் இருக்கிறான், மக்டலீன்."

ஒரு வருடமாகச் சேர்த்து வைத்திருந்த பதிலெல்லாம் நாக்கு நுனியில் இருந்தது. அவற்றை அங்கேயே விட்டேன். அவருக்குப் பக்கத்தில் நானும் முழந்தாளிட்டேன்.