முதுகுக்கு உரியவள்

நீச்சல்குளத்தின் ஆழமில்லாத பக்கத்தில் எட்டுப் பெண்களுக்கு மல்லாந்து மிதக்கக் கற்றுக்கொடுத்துக்கொண்டிருந்த டீச்சரை, கரையில் நின்ற ஒருத்தி "முதுகு" என்று கூப்பிட்டாள். முப்பத்துநாலு வருஷமாக யாரும் அவளை அப்படிக் கூப்பிட்டதில்லை. டீச்சர் திரும்பிப் பார்த்தாள். வந்தவளுக்கு அறுபதைத் தாண்டியிருக்கும். வலது கையில் மணிக்கட்டிலிருந்து முழங்கைவரை மாவுக்கட்டு. இடது கண் வீங்கி மூடிக் கிடந்தது. உதட்டில் இரண்டு தையல். அந்த முகத்தில் அடிபடாமல் மிச்சமிருந்த பாதியை வைத்துத்தான் ஆள் யாரென்று தெரிந்தது.

அவள் ஒரு காலத்தில் நடிகை. ஒரு டிவி நாடகத்தில் அவள் குளியல் தொட்டியிலிருந்து உடம்பில் பொட்டுத் துணி இல்லாமல் எழுந்து ஜன்னல்வரை நடக்க வேண்டும் என்று எழுதியிருந்தார்கள். முடியவே முடியாதென்று அவள் ஒற்றைக்காலில் நின்றாள். டைரக்டர் தலைகீழாக நின்று பார்த்தும் மசியவில்லை. கடைசியில் முகம் அவளுடையது, உடம்பு வேறொருத்தியுடையது என்று முடிவாயிற்று. அந்த வேறொருத்திதான் டீச்சர். அப்போது அவளுக்கு இருபத்துநாலு வயது, போட்டிகளில் நீந்திக்கொண்டிருந்தாள். படப்பிடிப்பில் யாரும் அவள் பெயரைக் கேட்கவில்லை. முதுகு வந்தாச்சா, முதுகுக்கு டீ குடுத்தாச்சா என்றுதான் பேச்சு. கூடச் சேர்ந்து அவளும் சிரித்திருக்கிறாள்.

நாடகம் ஒரே ஒரு தடவை ஒளிபரப்பாகி, போன இடம் தெரியாமல் போயிற்று. அதன் பிறகுதான் டீச்சருக்குக் கல்யாணம் நடந்தது. கணவரிடம் அதைச் சொல்லச் சந்தர்ப்பம் வரவில்லை. வந்த ஒன்றிரண்டு தடவையும் அவள் பேச்சை மாற்றிவிட்டாள்.

இப்போது வேலைவெட்டி இல்லாத எவனோ ஒருவன், பழைய படங்களிலும் டிவி நாடகங்களிலும் நடிகைகள் உடையில்லாமல் வரும் இடங்களைத் தேடித்தேடி வெட்டி எடுத்து இணையத்தில் போட்டுக்கொண்டிருந்தான். எல்லாருமே மறந்துபோன இந்த ஒன்றரை நிமிஷமும் அவன் கையில் சிக்கியது. கீழே நடிகையின் பெயரை முழுசாக எழுதிவைத்தான்.

நடிகையின் மகன் லிஃப்ட் மெக்கானிக். கூட வேலை செய்பவன் ஒருவன் செல்போனை அவன் முகத்துக்கு நேரே நீட்டி, உங்க அம்மாதானே, நல்லாத்தான் இருந்திருக்காங்க என்றான். சொன்னவனுக்கு இரண்டு பல் போயிற்று. அந்தச் சூடு ஆறாமலே மகன் வீட்டுக்கு வந்து, சமையலறையில் நின்ற அம்மாவின் முடியைக் கொத்தாகப் பிடித்து முகத்தைக் கதவு நிலையில் மோதினான். அது நான் இல்லை, நான் இல்லை என்று அவள் சொல்லச் சொல்ல அடி விழுந்தது. தடுக்க நீட்டிய கையை முறுக்கினான். எலும்பு முறிந்த சத்தம் கேட்ட பிறகுதான் விட்டான். படிக்கட்டில் விழுந்ததாக ஆஸ்பத்திரியில் சொன்னாள். அவள் இப்போது வேலை பார்க்கும் மூக்குக்கண்ணாடிக் கடையில் ஃபிரேமுக்குத் திருகாணி போடும் கை அது.

பழைய மேக்கப்காரியைப் பிடித்து விசாரித்து அவள் இந்தக் குளத்தைத் தேடி வந்திருந்தாள்.

"நீ வந்து ஒரு வார்த்தை சொல்லிடும்மா. நான் சொன்னா நம்ப மாட்டேங்கிறான். உன் தோளுக்குக் கீழ தழும்பு இருக்குமே, அது அந்தப் படத்துல நல்லாத் தெரியுது. அதைக் காட்டினாப் போதும்."

சின்ன வயதில் வெந்நீர் கொட்டிய தழும்பு அது, உள்ளங்கை அகலம். மேக்கப் போட்டு மறைத்திருந்தார்கள், தண்ணீர் கழுவிவிட்டது. டீச்சர் யோசித்துச் சொல்வதாகச் சொல்லி அனுப்பினாள். அன்று முழுக்க அந்த மூடிய கண் அவளை விடவில்லை. மறுநாள் மத்தியானம் புறப்பட்டுப் போனாள்.

மூன்றாவது மாடியில் சின்ன வீடு. வாசலருகே மகனின் கருவிப் பை வாய் திறந்து கிடந்தது. மகன் மரியாதையாகத்தான் இருந்தான். நாற்காலி எடுத்துப் போட்டான், ஆன்ட்டி என்று கூப்பிட்டான். மேஜையில் செல்போனில் அந்தப் படம் முதுகு தெரியும் இடத்தில் நிறுத்தப்பட்டிருந்தது. லிஃப்டில் என்ன கோளாறு என்று விளக்குகிறவனைப் போல நிதானமாகச் சொன்னான்.

"அது அம்மா இல்லன்னு ஆயிட்டா, இப்பவே அவங்க கால்ல விழறேன். அம்மாதான்னா, இன்னொரு கையும் இருக்காது."

நியாயம்தானே என்பது போல அம்மா தலையாட்டினாள். அந்தத் தலையாட்டலைப் பார்த்ததும், சட்டைப் பொத்தானுக்குப் போன டீச்சரின் கை நின்றது. தழும்பைக் காட்டினால் இவள் இன்றைக்குத் தப்பிப்பாள். ஆனால் குற்றமில்லாதவள் என்பதால்தான் தப்பித்தாள் என்று ஆகிவிடும். இன்னொரு நாள், இன்னொரு படத்துக்கு, இதே அடி விழும்.

"அது நான்தான்பா," என்றாள். "அதுக்காக உன் முன்னால சட்டையக் கழட்ட மாட்டேன். அது உங்கம்மாவாவே இருந்தாலும், அவங்க கைய உடைக்க நீ யாரு?"

அவன் காகிதத்தில் எழுத முடியாத ஒரு வார்த்தை சொல்லிக்கொண்டே அவள் கழுத்தைப் பிடித்தான்.

மூழ்குகிறவர்கள் கழுத்தைப் பிடிப்பது டீச்சருக்குப் புதிதில்லை. மோவாயை நெஞ்சோடு ஒட்டிக்கொண்டு, பிடித்தவன் முழங்கையை மேலே தள்ளி, தண்ணீருக்கடியில் போய்விட வேண்டும். மோவாயை ஒட்டினாள், முழங்கையைத் தள்ளினாள், அடியில் போவதற்குத்தான் இங்கே தண்ணீர் இல்லை. அவன் அவளை இழுத்துச் சுவரில் மோதினான். பின்மண்டையில் சூடாக ஏதோ இறங்கியது. இரண்டாவது தடவை இழுத்து வீசியபோது பாத்திரம் கழுவும் தொட்டியின் விளிம்பு விலாவில் இறங்கியது. உள்ளே மளுக்கென்றது. வாயெல்லாம் இரும்பு ருசி. அவன் மறுபடி பிடித்து இழுத்ததில் சட்டை தோளிலிருந்து கிழிந்து தொங்கியது.

அப்போது அவன் தழும்பைப் பார்த்தான். பிடி தளர்ந்தது. மேஜையில் இருந்த செல்போனைப் பார்த்தான், மறுபடி முதுகைப் பார்த்தான். சந்தேகம் தீர்ந்தது அவன் முகத்தில் நன்றாகத் தெரிந்தது. தீர்ந்த பிறகு அவன் அம்மா காலில் விழவில்லை. உன்னாலதான் என் மானம் போச்சு என்று டீச்சரிடம் சொல்லி நாற்காலியைத் தூக்கினான்.

நாற்காலி இறங்கவில்லை. அம்மா கருவிப் பையிலிருந்து பெரிய ஸ்பேனரை எடுத்து, நல்லாயிருந்த இடது கையால் அவன் முழங்காலில் போட்டாள். அவன் அலறிக்கொண்டு சரிந்தான். எழப்போனவன் தோளில் இரண்டாவது அடி. மூன்றாவதுக்கு அவள் ஓங்கியது அவன் தலைக்கு நேரே. டீச்சர் தரையில் தவழ்ந்து போய் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"போதும்க்கா. விட்டுடுங்க."

நடிகை விடவில்லை. விரல் விரலாகப் பிரித்துத்தான் ஸ்பேனரை வாங்க வேண்டியிருந்தது.

பக்கத்து வீட்டுக்காரர்கள் போலீஸைக் கூப்பிட்டிருந்தார்கள். நான்தான் அடிச்சேன் என்று நடிகை தானாகவே முன்வந்து சொன்னாள். படிக்கட்டில் விழவில்லை, இவன் உடைத்தான் என்று கையையும் காட்டினாள். மகனுக்கு முழங்கால் சரியாகவில்லை, நொண்டி நொண்டித்தான் கோர்ட்டுக்கு வந்தான். ஜாமீனில் வெளியே வந்தபோது வீட்டுப் பூட்டு மாறியிருந்தது.

இரண்டு மாதம் கழித்து அவனிடமிருந்து கடிதம் வந்தது. அது நீ இல்லைன்னு தெரிஞ்சுடுச்சும்மா, மன்னிச்சுடு என்று எழுதியிருந்தான். அவள் அதைக் கண்ணாடிக் கடையில் வைத்துப் படித்தாள். கீழேயே இடது கையால் கோணல்மாணலாக, நானா இருந்திருந்தா என்று எழுதித் திருப்பி அனுப்பினாள். பதில் வரவில்லை.

படம் இணையத்தை விட்டுப் போகவில்லை. வக்கீல் நோட்டீஸ் போனதும் அதைப் போட்டவன் நடிகையின் பெயரை மட்டும் எடுத்துவிட்டு, உடம்பு யாருடையதென்று தெரியவில்லை என்று எழுதிவைத்தான்.

டீச்சருக்கு மூன்று விலா எலும்பு முறிந்திருந்தது. ஆஸ்பத்திரிக்கு ஓடிவந்த கணவரிடம் அன்றைக்கே எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். அவர் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவர். பக்கத்தில் உட்கார்ந்து, எந்த நேரமும் பிரேக்கை மிதிக்கத் தயாராக இருக்கும் ஆள் போல இரண்டு காலையும் அழுத்தி ஊன்றிக் கேட்டுக்கொண்டார். அன்றைக்கும் மறுநாளும் பால் கொண்டுவந்தார், தலையணையைச் சரிசெய்தார், போனார். மூன்றாம் நாள்தான் வாயைத் திறந்தார்.

"எடுக்கறப்போ எத்தனை பேர் சுத்தி நின்னாங்க?"

"பதினோரு பேர்."

"முடிஞ்சதும் யாராவது ஒரு துண்டு குடுத்தாங்களா?"

"அந்த அக்காதான் குடுத்தாங்க. சீனுக்கு வெளிய, கடைசிவரைக்கும் துண்டோட நின்னாங்க."

அவர், என்கிட்ட சொல்லியிருக்கலாம் என்றார். சொல்லியிருக்கலாம்தான் என்றாள் அவள். மூச்சை இழுத்தால் விலா குத்தியது. அவர் தலையணையை இன்னும் கொஞ்சம் உயர்த்திவைத்தார்.