வெள்ளைக் கோட்டுப் பைக்கு ஒரு துப்பாக்கி

ஸ்பிரிங்வேல் புறநகரில் பதினெட்டு வருஷமாக மருந்துக்கடை நடத்திவந்த சுப்பிரமணியத்துக்குத் துப்பாக்கி வாங்கும் எண்ணம் வந்தது 1994 மார்ச்சில். ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம், ஊசியோடு ஒருவன் கடைக்குள் நுழைந்தான். வேலைக்கு நின்ற றோசலினைப் பின்னாலிருந்து வளைத்துப் பிடித்து, ஊசிமுனையைக் கழுத்தில் வைத்து, தூக்க மாத்திரை எல்லாவற்றையும் எடு என்றான். சுப்பிரமணியம் அலமாரியிலிருந்து அவசரமாக அள்ளினார். ஒரு போத்தல் விழுந்து உடைந்தது. சிதறிய மாத்திரைகளை அவர் முட்டிபோட்டுப் பொறுக்கிக் கொடுத்தார்.

போலீஸ் வந்து எழுதிக்கொண்டு போனது. றோசலின் கழுத்தில் சின்னக் கீறல். ஊசியால் நோய் ஏதும் தொற்றியதா என்று ரத்தப் பரிசோதனையில் உறுதியாகத் தெரிய மூன்று மாதமாகும் என்றார்கள். அறுபதை நெருங்கும் சுப்பிரமணியத்துக்கோ, தான் முட்டிபோட்டது ஆறவே இல்லை.

ஈப்போவிலிருந்து இந்த நாட்டுக்கு அவரோடு படிக்க வந்து தங்கிவிட்ட பீட்டர் ஒரு பிஸ்டல் கிளப்பில் உறுப்பினர். சனிக்கிழமை சுப்பிரமணியம் அவர் வீட்டுக்குப் போனார். பீட்டர் சாப்பாட்டு மேசையில் வெவ்வேறு அளவில் நாலு தோட்டாக்களை நிறுத்தி வைத்தார்.

"கோட்டுப் பைக்குள்ள அடங்கணும்னா இதுதான் லா. இது இருபத்திரண்டு. சுடும்போது கையை உதைக்காது, ஆனா சமயத்துல வெடிக்காம மக்கர் பண்ணும். இது இருபத்தஞ்சு. பலம் அதே அளவுதான், ஆனா நம்பலாம். முப்பத்திரண்டு கொஞ்சம் தேவலை. இந்த முந்நூத்தி எண்பது ஆளை நிறுத்தும். சின்னத் துப்பாக்கியில போட்டா உன் கையில நிக்காது."

"முப்பத்திரண்டு," என்றார் சுப்பிரமணியம்.

"தற்காப்புக்குன்னு எழுதினா லைசன்ஸ் கிடைக்காதுப்பா. கிளப்புக்குன்னு வாங்கிக் கடையில வச்சிருந்தா உள்ள போறது நீதான்."

"அது என் பாடு. சேர்றதுக்கு ஃபாரம் குடு."

அடுத்த வாரம் றோசலின் வேலைக்குத் திரும்பினாள். மன்னாரிலிருந்து வந்தவள், அதிகம் பேசமாட்டாள். அவளுக்குத் தைரியமாக இருக்கட்டும் என்று அவர் துப்பாக்கி வாங்கப்போகும் விஷயத்தைச் சொன்னார். கையிலிருந்த மருந்துப் பெட்டியைக் கீழே வைத்துவிட்டு அவள் கேட்டாள்.

"அங்கிள், அவன் எனக்குப் பின்னாலதானே நிண்டவன்?"

"ஆமா."

"அப்ப எந்தக் குண்டெண்டாலும் எனக்குள்ளால போய்த்தானே அவனிலை படும்? சின்னனெண்டா எனக்குள்ளயே நிண்டிடும்."

அவள் குத்திக்காட்டவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். நாலு தோட்டாவையும் உருட்டி உருட்டிப் பார்த்தபோது இவள் முகம் தன் கண்ணில் படவே இல்லையே என்று அவருக்கு உடம்பு கூசியது.

"நான் குறி பார்த்துத்தாம்மா சுடுவேன்," என்றார், தனக்கே நம்பிக்கையில்லாமல்.

"அண்டைக்கு நீங்கள் குனிஞ்சு பொறுக்கினபடியாலதான் அவன் என்னை விட்டவன்."

ஃபாரம் மேசை இழுப்பறையிலேயே கிடந்தது. ஒரு தச்சரை அழைத்து, மருந்து எடுக்கும் இடத்துக்கு உள்ளே தாழிடும் கதவும் கண்ணாடித் தடுப்பும் போடச் சொன்னார்; றோசலின் நிற்கும் இடத்தை அதற்குள் மாற்றினார். ஜூனில் பரிசோதனை முடிவு வந்தது, நோய் எதுவும் இல்லை. அன்று இருவரும் கடையை அரைநாள் மூடினார்கள்.

ஆகஸ்டில் அந்த ஊசிக்காரனே மறுபடி வந்தான். றோசலின் கதவைத் தாழிட்டுப் போலீசுக்குப் போன் செய்தாள். தடுப்பின் துவாரம் வழியாகச் சுப்பிரமணியம் மாத்திரைகளை ஒவ்வொரு பெட்டியாக, அவசரப்படாமல் தள்ளினார். இன்னும் இருக்கிறது, நில் என்றார். அவனும் நின்றான். ஐந்தாவது பெட்டிக்குப் போலீஸ் வந்துவிட்டது.