பழைய இன்ஜினும் ரெண்டு கேன் பதநீரும்

அனுசியாவுக்கு ஓயாமல் குறை சொல்கிறவர்களைக் கண்டால் ஆகாது. அது ஆளாக இருந்தாலும் சரி, வண்டியாக இருந்தாலும் சரி. மூன்று வருஷத்துக்கு முன்னால் அந்த வெள்ளைப் பிக்கப்பை வாங்கி, மாலை போட்டு, எலுமிச்சம்பழத்தை நசுக்கி, உடன்குடிக் கடைத்தெருவை ஒரு சுற்று சுற்றி வந்த அன்றைக்கு, வீட்டுக்கு ஒரு முணுமுணுப்பைக் கூட்டி வருகிறோம் என்று அவளுக்குத் தெரியாது.

தெரிய மூன்று மாதம் ஆயிற்று. டேஷ்போர்டில் ஒரு மஞ்சள் விளக்கு எரிந்தது. அடுத்த வாரம் அதற்குத் துணையாக இன்னொன்று. அதற்கப்புறம் வண்டி இருபது கிலோமீட்டர் வேகத்துக்கு மேல் போகமாட்டேன் என்று அடம் பிடித்தது. தூத்துக்குடி சர்வீஸ் சென்டரில் லேப்டாப்பைச் செருகிப் பார்த்த சூப்பர்வைசர், புகையை வடிகட்டுகிற டப்பாவில் கரி சேர்ந்துவிட்டது என்றார். அந்தக் கரியை வண்டி தானே எரித்துக்கொள்ளுமாம். ஆனால் அதற்கு அரைமணி நேரம் ஒரே வேகத்தில் ஓட வேண்டுமாம்.

"மேடம், வாரத்துக்கு ஒரு தடவை ஹைவேல ஓட்டுங்க" என்றார்.

"பனை என்ன ஹைவேலயா நிக்கி?" என்று கேட்டாள் அனுசியா.

அவள் கேட்டதில் நியாயம் இருந்தது. அவள் கருப்பட்டி வியாபாரி. ஏழு குடும்பங்கள் அவளுக்காகப் பனை விளைகளில் பதநீர் காய்ச்சின. விளை விளையாகச் செம்மணல் மேடான தேரியில் முதல் கியரில் ஊர்ந்துபோய்ச் சரக்கு எடுக்கிற வண்டி அது. அதை ஹைவேக்குக் காற்று வாங்கக் கூட்டிப் போக அவளுக்கு நேரமில்லை.

குடோனுக்குப் பின்னால் பழைய பிக்கப் ஒன்று கிடந்தது. கடல் காற்று அதன் உடம்பைத் தின்று தீர்த்துவிட்டது. உட்கார்ந்தால் காலுக்கடியில் தரை தெரியும். ஆனால் இன்ஜின் மட்டும் சாவியை அரைச் சுற்றுத் திருப்பினாலே பிடித்துக்கொள்ளும். சென்சாரும் கிடையாது, கம்ப்யூட்டரும் கிடையாது. அனுசியாவின் கணவன் பாலகணேஷ் வெள்ளிக்கிழமைதோறும் அதை ஸ்டார்ட் பண்ணி, பத்து நிமிஷம் கேட்டுவிட்டு அணைப்பான். கச்சேரிக்குப் போய் வந்த முகத்தோடு வீட்டுக்குள் வருவான்.

"புதுசுல உடம்பு நல்லாருக்கு. பழசுல இன்ஜின் நல்லாருக்கு. ரெண்டையும் சேத்துவிட்டா என்ன?" என்று ஒருநாள் சோற்றுக்கு முன்னால் கேட்டாள் அனுசியா.

"ஏளா, இது என்ன கல்யாணமா? பொருத்தம் பாக்காண்டாமா?"

"நமக்குப் பாத்தாவளே, பத்துக்கு ஒம்பது. என்னத்தக் கண்டோம்?"

பாலகணேஷ் சாம்பாரை ஊற்றிக்கொண்டான். ஆர்.டி.ஓ. ஆபீஸில் எழுதிக் கொடுக்க வேண்டுமே என்று கடைசியாக ஒன்றைச் சொல்லிப் பார்த்தான். முதலில் வண்டி ஓடட்டும், ஓடுகிறதைத்தானே எழுதிக் கொடுக்க முடியும் என்று அவள் அதையும் முடித்துவிட்டாள்.

மெக்கானிக் பேச்சிராஜா இருபது நாள் கேட்டான், முப்பத்திநாலு நாள் எடுத்துக்கொண்டான். இன்ஜின் உட்காரும் தாங்கிகளை அறுத்து இடம் மாற்றிப் பற்றவைத்தான். பழைய கியர்பாக்ஸையும் கூடவே ஏற்றினான். கம்ப்யூட்டர் ஒயர்களைச் சுருட்டிச் சீட்டுக்கடியில் தள்ளினான். இன்ஜின் போன துக்கத்தில் டேஷ்போர்டில் இருந்த அத்தனை விளக்கும் ஒரேயடியாக எரிந்தன. பேச்சிராஜா அவற்றின் மேல் ஒரு திருச்செந்தூர் முருகன் ஸ்டிக்கரை ஒட்டினான். வேகம் காட்டும் முள்ளும் சூடு காட்டும் முள்ளும் வேல் நுனிக்குக் கீழே செத்துக் கிடந்தன.

"ஒண்ணே ஒண்ணுதான்க்கா" என்றான். "புது ரேடியேட்டருக்கு வாய் இடப்பக்கம் இருக்கு. பழைய இன்ஜினுக்கு வலப்பக்கம். நடுவுல ஒரு பைப்பப் போட்டு ரெண்டு ரப்பர் ஹோஸையும் கிளிப் வச்சு இறுக்கிருக்கேன். இப்ப வெறும் தண்ணிதான் ஊத்திருக்கேன். ஒரு வாரம் ஓடட்டும், ஒழுகலேன்னா கூலன்ட் ஊத்துவோம். கையில எப்பவும் தண்ணி வச்சுக்கிடுங்க."

சாவியைத் திருப்பினாள். அரைச் சுற்றுதான். வெள்ளை வண்டிக்குள்ளிருந்து பழைய வண்டியின் குரல் கேட்டது. அனுசியாவுக்குச் சிரிப்பு அடங்கவில்லை.

அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள் காயல்பட்டினத்திலிருந்து போன் வந்தது. சாலிஹ் காக்கா துபாய்க்குக் கருப்பட்டி அனுப்புகிறவர். அந்த ஊரில் அண்ணனைக் காக்கா என்றும் அக்காளை லாத்தா என்றும் கூப்பிடுவார்கள். போன வருஷம் வேறு யாரிடமோ வாங்கி அனுப்பிய சரக்கில் பாதிக்குப் பாதி சீனி. அங்கே கடை வைத்திருக்கும் அவருடைய மச்சான் ஒவ்வொரு வாடிக்கையாளரிடமும் பேச்சு வாங்கிவிட்டு, அத்தனையையும் மொத்தமாகத் தன் அக்காளும் சாலிஹ் காக்காவின் மனைவியுமான பல்கீஸிடம் இறக்கிவைத்தார். காயல்பட்டினத்தில் கல்யாணமானால் மாப்பிள்ளைதான் பெண் வீட்டில் குடியிருப்பார். சாலிஹ் காக்கா இருக்கிற வீடும் பல்கீஸுடையது, அதை ஒட்டிய குடோனும் பல்கீஸுடையது. ஆகவே கடைசி வார்த்தையும் பல்கீஸுடையதுதான்.

பல்கீஸ் ஒரு பரீட்சை வைத்திருந்தார். சனிக்கிழமை நாற்பது பெட்டி கருப்பட்டி வர வேண்டும். கூடவே அன்று காலை இறக்கிய பதநீர் ரெண்டு கேன் வர வேண்டும். அதைப் பல்கீஸ் தன் அடுப்பில் தானே காய்ச்சுவார். அந்த வாடையும் பெட்டியில் இருக்கிற வாடையும் ஒன்றாக இருந்தால் சீசன் முழுக்க அனுசியாவின் சரக்குதான். தூத்துக்குடி துறைமுகத்துக்குக் கன்டெய்னர் லாரி ரெண்டு மணிக்குக் கிளம்பிவிடும். காய்ச்ச மூன்று மணி நேரம் வேண்டும். பத்து மணிக்குள் வந்து சேர வேண்டும்.

இந்த ஆர்டர் இல்லாவிட்டால் அனுசியாவுக்கு வேறு வழி கிடையாது. சரக்கைக் கடைத்தெருவில்தான் போட வேண்டும். அங்கே வாங்குகிறவர்கள் அதை உருக்கிச் சீனியோடு சேர்த்து மறுபடி சிரட்டையில் ஊற்றுவார்கள். பதினோரு வருஷமாக ஒரு கை சீனி சேர்க்காமல் தொழில் செய்தவள் அவள்.

சனிக்கிழமை காலை எட்டரைக்கு அனுசியாவும் பாலகணேஷும் கிளம்பினார்கள். அவள்தான் ஓட்டினாள். பழைய இன்ஜின் நாற்பது பெட்டியையும் தூக்கிக்கொண்டு தேரியில் அலட்டாமல் ஏறியது. எந்த விளக்கும் எரியவில்லை, அல்லது எல்லாம் முருகனுக்குப் பின்னால் எரிந்துகொண்டிருந்தன. பரமன்குறிச்சிக்கு மூன்று கிலோமீட்டர் இருக்கும்போது பானெட்டின் இரண்டு பக்கமும் ஆவி கிளம்பியது.

இறங்கித் திறந்து பார்த்தார்கள். கிளிப் ஒன்று தளர்ந்து, தண்ணீர் முழுவதும் வழி நெடுகக் கோலம் போட்டுவிட்டிருந்தது. பாலகணேஷ் ஸ்க்ரூடிரைவரை எடுத்துக் கிளிப்பை இறுக்கினான். அந்த வேலையைச் சரியாகத்தான் செய்தான்.

"தண்ணிக் கேன எடுங்க" என்றாள்.

பாலகணேஷ் இறுக்கின கிளிப்பையே மறுபடி இறுக்கினான்.

"ஏங்க."

"பதநீர்க் கேன் வைக்க எடம் பத்தல. தண்ணிய எறக்கி வச்சேன். திரும்ப ஏத்த மறந்துட்டேன்."

இரண்டு பக்கமும் பனையும் செம்மண்ணும்தான். ஒரு ஸ்கூட்டர் கையைக் காட்டியும் நிற்காமல் போயிற்று. நடந்து போய்த் தண்ணீர் கொண்டு வந்தால் காயல்பட்டினம் போய்ச் சேரப் பதினொன்றாகிவிடும். இன்ஜின் ஆறுகிறவரை இருவரும் சாலையைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். அப்புறம் இருவரும் ஒரே நேரத்தில் வண்டிக்குள் இருந்த வெள்ளைக் கேன்களைப் பார்த்தார்கள்.

"பதநீர்லயும் தண்ணிதான இருக்கு" என்றான் பாலகணேஷ், யாருக்கோ சொல்வது போல.

அனுசியா கணக்குப் போட்டாள். பதநீர் பாகாகிக் கெட்டிப்பட அடுப்பில் மூன்று மணி நேரம் ஆகும். அவள் ஆயிரம் சட்டி பார்த்தவள், அதில் தவறு வராது. காயல்பட்டினம் முக்கால் மணி நேரம்தான். ஒரு கேனை ஊற்றலாம், ஒரு கேனைப் பரீட்சைக்கு வைக்கலாம். அவளுடைய தொழிலில் இருக்கிற ஒருவருக்குத்தான் இந்தக் கணக்கு இவ்வளவு நேர்த்தியாக வந்திருக்கும். வேறு யாராக இருந்தாலும் அந்தக் கேனைத் தொட்டிருக்கவே மாட்டார்கள்.

ரேடியேட்டர் முதல் கேனை ஒரே மூச்சில் குடித்தது. இன்னும் கேட்டது. இரண்டாவது கேனிலும் அடியில் ஒரு தம்ளர்தான் மிஞ்சியது. அந்த ஒரு தம்ளரையாவது காட்டலாம் என்று நினைத்தபடி அவள் மூடியை இறுக்கித் திரும்பினாள். பாலகணேஷ் வாயைத் துடைத்துக்கொண்டிருந்தான்.

"தாகமா இருந்துச்சு" என்றான்.

காலிக் கேனை அவன் கையில் திணித்துவிட்டு, அவள் திருச்செந்தூரைப் பார்க்க வண்டியை எடுத்தாள்.

அவளுடைய கணக்கில் ஒன்று விட்டுப்போயிருந்தது. பதநீர் கெட்டிப்பட மூன்று மணி நேரம் ஆகும்தான், ஆனால் நுரைக்க அரைமணி நேரமே போதும். சட்டியில் நுரை பொங்கினால் ஆமணக்கு முத்தை நசுக்கிப் போட்டு அடக்குவார்கள். இங்கே நுரை ரேடியேட்டர் மூடியைத் தள்ளிக்கொண்டு வந்து, சூடான எக்ஸாஸ்ட் குழாயில் விழுந்து அங்கேயே காய்ந்தது. சூடு காட்டும் முள் இல்லாத குறையை மூக்கு தீர்த்து வைத்தது. தெருவெல்லாம் பாகு வாடை. பாதயாத்திரை போகிறவர்கள் நின்று திரும்பினார்கள். ஒரு ஆட்டோக்காரர் பக்கத்தில் வந்து, "யக்கா, உள்ள பாயசமா வைக்கீங்க?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

"ஆமணக்கு முத்து..." என்று ஆரம்பித்தான் பாலகணேஷ். அவள் பார்த்த பார்வையில் நிறுத்திக்கொண்டான். கொஞ்ச தூரம் போனதும் வேறு யோசனை சொன்னான். "அங்கன பாரு, பதநீர் விக்கான். ரெண்டு கேன் நெறச்சுக்கிடுவோம். யாருக்குத் தெரியப் போவுது?"

அனுசியா பிரேக்கில் கால் வைத்துவிட்டாள். உண்மையில் ஆசையாகத்தான் இருந்தது. கேனும் அதேதான், நிறமும் அதேதான். ஆனால் அது எந்தப் பனையோ, அதில் என்ன கலந்திருக்கிறதோ. கலக்கவில்லை என்று நிரூபிக்கப் போகிற இடத்துக்கு அதையா கொண்டு போவது? காலை எடுத்தாள். வண்டி நுரைத்துக்கொண்டே நகர்ந்தது. ஆர்டர் போயிற்று என்று அவளுக்குத் தோன்றிவிட்டது. கண் கலங்கியதைப் பாலகணேஷ் பார்க்காமல் இருக்க வெளிப்பக்கக் கண்ணாடியையே பார்த்து ஓட்டினாள்.

குடோன் வாசலுக்கு வந்தபோது பத்து ஆக ஐந்து நிமிஷம். சாலிஹ் காக்கா கையை வீசிப் புகையை விலக்கிக்கொண்டு வந்தார். அவர் வாயைத் திறப்பதற்குள் குடோனின் பின்கதவு திறந்தது. அந்தக் கதவு, பெண்கள் மட்டும் நடமாடுகிற முடுக்குச் சந்தில் திறக்கும். தலையில் துப்பட்டாவை இழுத்துவிட்டபடி பல்கீஸ் நின்றார்.

"யாரு அதுக்குள்ள பாகு காச்சுறது? மூணாவது வீடு வரைக்கும் வாடை வருது."

அனுசியா காலியான இரண்டு கேன்களையும் கொண்டுபோய் அவர் முன்னால் வைத்தாள். பொய் சொல்ல ஒன்றும் மிச்சமில்லை. பழைய இன்ஜின், புது ரேடியேட்டர், கிளிப், மறந்த தண்ணீர், கடைசித் தம்ளர் எல்லாவற்றையும் சொன்னாள். சாலிஹ் காக்கா பாதியிலேயே வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். அவர் தோள் குலுங்கியது.

பல்கீஸ் சிரிக்கவில்லை. "வண்டியத் திருப்பி மூஞ்சிய இங்கிட்டு வையி" என்றார்.

பின்கதவுக்கு நேராக வண்டி வந்து நின்றது. பாலகணேஷ் பானெட்டைத் தூக்கினான். எக்ஸாஸ்ட் குழாய் மேல் கருஞ்சிவப்பில் ஒரு பாளம் படிந்திருந்தது. பல்கீஸ் குனிந்து மோந்தார். கையை நீட்டினார். அனுசியா பெட்டி ஒன்றைப் பிரித்து, ஒரு கருப்பட்டியை உடைத்து அந்தக் கையில் வைத்தாள். பல்கீஸ் அதை மோந்தார், மறுபடி குழாயிடம் குனிந்தார், மறுபடி கருப்பட்டியை மோந்தார்.

"வர்ற வழியில பதநீர் விக்கிறவன் ஒருத்தனும் இல்லையா?"

"இருந்தாங்க லாத்தா. ஏழெட்டுப் பேரு."

"பின்ன ஏன் வாங்கி நெறச்சுக்கல?"

"அது எந்தப் பனையோ, லாத்தா."

பல்கீஸ் கையிலிருந்த துண்டை வாயில் போட்டுக்கொண்டார். அது கரைந்ததும் கணவரிடம், "ஆளுகளக் கூப்பிடுங்க. நாப்பது பெட்டியும் ஏறட்டும்" என்றார்.

"காச்சிப் பாக்கணும்னியே?"

"அதான் வரும்போதே காச்சிட்டு வந்திருக்காளே. வாடை ரெண்டும் ஒண்ணுதான். அது போகட்டும், ஏமாத்த நெனைக்கிறவ இப்பிடி ஒரு கதைய வந்து சொல்லுவாளா?" அனுசியாவைப் பார்த்தார். "சீசன் முழுக்க நீயே கொண்டாம்மா. ஆனா எனக்குன்னு கொண்டு வாரத எனக்கே குடு. வண்டிக்கும் வேண்டாம், மாப்பிள்ளைக்கும் வேண்டாம்."

அப்போதுதான் பல்கீஸுக்குச் சிரிப்பு வந்தது. அனுசியாவும் சிரித்தாள். சிரித்துக்கொண்டே முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். பதினோரு வருஷத்தில் தன் வார்த்தையை இப்படி ஒருவர் மோந்து பார்த்து நம்பியது அவளுக்கு இதுதான் முதல் தடவை.

பெட்டிகள் ஏறிக்கொண்டிருந்தபோது பேச்சிராஜாவிடமிருந்து போன் வந்தது.

"வண்டி எப்பிடிக்கா ஓடுது? கொறை ஏதும் உண்டா?"

அனுசியா பானெட்டைப் பார்த்தாள். நுரை அடங்கியிருந்தது.

"அது ஒரு கொறையும் சொல்லலப்பா. வாய் தொறக்காம வந்து சேந்துட்டு" என்றாள். "நீ மட்டும் பெரிய சட்டியில சுடுதண்ணி போட்டு வையி. ரேடியேட்டர ஊறப் போடணும்."